கடல் மணலுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே மெட்டல் டிடெக்டர்: எதை வாங்குவது?

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை அடி ஆழம் வரை காட்டும்?" என்பதாகவே இருக்கிறது. குளச்சலிலிருந்து கேட்டவர், கடலில் குளிக்கும்போது கழன்று விழும் மோதிரங்களைத் தேடித் தர விரும்புகிறார். குலசேகரத்துக்காரருக்கு, ரப்பர் தோட்டத்தின் எல்லையில் அவருடைய தாத்தா அடித்து வைத்த இரும்புக் கம்பி எங்கே புதைந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டும். நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கடற்கரையில் காலை நடை போகும்போது இதையும் ஒரு பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார். மூவரும் கேட்டது ஒன்றுதான்: எல்லா இடத்துக்கும் ஒத்துவரும் ஒரு கருவியைச் சொல்லுங்கள். மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறாக இருந்தது. ஏன் அப்படி என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

ஆழத்தைப் பற்றிய கேள்வியை முதலிலேயே முடித்துவிடலாம். மோதிரம் அல்லது நாணயம் அளவுள்ள பொருளை, கையில் பிடித்து வீசும் எந்த நல்ல கருவியும் ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில் காட்டும். நிலம் ஒத்துழைத்தால் இன்னும் சில விரற்கடை கூடும். நீட்டிய ஆன்டெனாவோடு, நூறு மீட்டர் தொலைவிலிருந்தே தங்கத்தைக் காட்டும் என்று விற்கப்படும் பொருள்களுக்கும், ஊர் ஊராக வந்து ஏமாற்றும் இரிடியம் கலசத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இத்தகைய ஆன்டெனாக் குச்சி ஒன்றையே வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று சொல்லி ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ் வியாபாரிக்கு 2013இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆகவே ஆழம் என்ற எண்ணை ஒதுக்கிவிட்டு, எந்த மண்ணில், எதைத் தேடப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

## முதலில் அளவுகோல்கள்

### மண்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அந்தக் கரையிலிருந்து ரப்பர் மலைக்குப் போக ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம் போதும். இந்தச் சிறிய தூரத்துக்குள் டிடெக்டருக்கு நான்கு வெவ்வேறு சோதனைகள் இருக்கின்றன: கடற்கரையின் மேல்பகுதியில் உள்ள உலர்ந்த வெண்மணல், அலை நனைத்துப் போகும் உப்பு மணல், மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல், கல்குளம்-விளவங்கோடு பக்கத்துச் செம்மண்.

உலர்ந்த மணலில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் வேலை செய்யும். கடைக்காரர் செய்து காட்டுவதும் அதில்தான். சிக்கல் மற்ற மூன்றில் இருக்கிறது. டிடெக்டரின் அடியில் உள்ள கம்பிச் சுருளான 'காயில்' ஒரு மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகத்தில் அதனால் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டத்தின் எதிரொலி சற்றுத் தாமதமாகத் திரும்பி வருகிறது. எவ்வளவு தாமதம் என்பதை வைத்தே இது இரும்பா, தங்கமா, செம்பா என்று கருவி ஊகிக்கிறது. செம்மண்ணிலும் கருமணலிலும் உள்ள இரும்புத் தாதுக்கள் தாமதமே இல்லாத வலுவான எதிரொலியை அனுப்புகின்றன. உப்புநீரோ மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால், மெல்லிய தகடு ஒன்று கிடப்பதுபோன்ற தாமதமான எதிரொலியை அனுப்புகிறது. மண்ணின் எதிரொலியைக் கழித்துவிட்டுக் கேட்பதற்குக் கருவியில் உள்ள வசதிதான் கிரவுண்ட் பேலன்ஸ் எனப்படும் தரைச் சமன். ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவியால் இந்தச் சமனை ஒரு புள்ளியில் மட்டுமே வைக்க முடியும்: தாதுவைக் கழித்தால் உப்பு பேசும், உப்பைக் கழித்தால் தாது பேசும்.

மணவாளக்குறிச்சியில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. அங்குள்ள மணலில் இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், தோரியம் உள்ள மோனசைட் எல்லாம் உண்டு. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தே ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மோனசைட்டை அடையாளம் கண்டார். இன்று அரிய மணல் ஆலை அங்கே நிற்பதற்கு அதுவே தொடக்கம். நமக்கு வேண்டியது இதன் இன்னொரு பக்கம். அலை வந்து போகும்போது எடை குறைந்த வெண்மணலை இழுத்துச் சென்றுவிட்டு, எடை மிகுந்த தாதுக்களைக் கரையில் பட்டை பட்டையாக விட்டுச் செல்கிறது. அதே அலை, அதே கணக்கில், எடை மிகுந்த தங்க மோதிரத்தையும் வலையிலிருந்து அறுந்த ஈயக்குண்டையும் அந்தப் பட்டையிலேயே சேர்க்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கரை அரிக்கப்பட்டு கருமணல் வெளியே தெரியும் ஜூன், ஜூலை மாதங்களில் தேடுபவர்கள் ஆவலோடு கிளம்புவதற்கு இதுவே காரணம். பொருள் சேரும் இடமும் கருவி தடுமாறும் இடமும் ஒன்றாக இருப்பதுதான் நம் கடற்கரையின் வேடிக்கை.

உங்கள் பகுதி மணல் எப்படிப்பட்டது என்று அறிய, பலமான காந்தம் ஒன்றைப் பாலித்தீன் உறையில் போட்டு மணலில் இழுத்துப் பாருங்கள். உறையின்மேல் கறுப்பு மீசைபோல் துகள்கள் அடர்ந்து ஒட்டினால், கீழே நான் முதல் வகையாகச் சொல்லப்போகும் கருவியை மறந்துவிடலாம்.

### தேடும் பொருள்

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் ஒப்பீடுகள் நமக்கு முழுவதும் பொருந்தாமல் போவது இங்கேதான். அவர்கள் நாணயத்தை வைத்துக் கருவியை அளக்கிறார்கள். நம் ஒரு ரூபாய் நாணயம் 1992 முதல் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அடிக்கப்படுகிறது. இரண்டு ரூபாயும் 2005 முதல் அப்படியே. ஆகவே இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனைப் போட்டால் கருவி பெரும்பாலும் அவற்றையும் சேர்த்து ஒதுக்கிவிடும், அல்லது திரையில் நிலையில்லாமல் தாவும் எண்ணைக் காட்டும். மஞ்சள் நிற ஐந்து ரூபாயும், பழைய நிக்கல் கலந்த ஒரு ரூபாயும் தெளிவாகப் பேசும். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்ததால், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கில் புழங்கிய செம்புக் காசுகளும் சக்கரங்களும் பழைய புரையிடங்களில் (வீட்டு மனைகளில்) கிடப்பதுண்டு. செம்பு என்பதால் அவை எந்தக் கருவிக்கும் எளிது.

தங்கத்தில்தான் கவனம் வேண்டும். மோதிரம் மூடிய வளையம் என்பதால் சுழல் மின்னோட்டம் தடையின்றி ஓடும். சிக்னல் நன்றாக வரும். அதே எடையுள்ள செயினில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி. கருவிக்கு அது நூறு சின்னஞ்சிறு வளையங்களாகத் தெரிகிறது, பல வேளைகளில் தெரிவதே இல்லை. சொத்தவிளைக் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் மூன்று பவன் தாலிச் செயினைத் தொலைத்த குடும்பத்துக்காகத் தேடியபோது இதை நேரில் கண்டேன். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை இரண்டு முறை வீசியும் கருவி வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை, சென்சிட்டிவிட்டி எனப்படும் உணர்திறனை ஏற்றி, இரும்பு உட்பட எதையும் ஒதுக்காமல் வைத்துக் காயிலை மணலைத் தொட்டபடி மெதுவாக நகர்த்தியபோது, கீறல்போல ஒரு சத்தம் ஒரே ஓரிடத்தில் வந்தது. மணலைக் கையால் வழித்தபோது தாலி கிடைத்தது. செயின் அதிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு, இரண்டு விரற்கடை ஆழத்தில், நேராக நீண்டு கிடந்தது. அந்த ஒரு முழத்தின்மேல் காயில் எத்தனையோ முறை போயிருக்கும். பேசியது தாலி மட்டுமே.

நம் ஊரில் தொலைவது பெரும்பாலும் செயின் என்பதால், மெல்லிய தங்கத்தை உணரும் திறனை ஆழத்தைவிட மேலாக மதிப்பிடுகிறேன். அதிர்வெண் கூடினால் சிறு தங்கம் நன்றாகத் தெரியும். குறைந்தால் செம்பும் வெள்ளியும் ஆழத்தில் தெரியும்.

### நீர், எடை, பழுது

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காயில் மட்டும் நீர் தாங்குவதும் கருவி முழுவதும் நீர் தாங்குவதும் வேறு. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் இந்த வேறுபாடு கடலில் இறங்காதவருக்கும் முக்கியம். ஒரு கிலோ முந்நூறு கிராம் என்பது கடையில் லேசாக இருக்கும், இரண்டு மணி நேரம் வீசினால் தோள்பட்டை பேசும். பழுதானால் எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு விற்பவர் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த இடத்தில் வாங்க வேண்டாம்.

## முதல் வகை: தரைச் சமன் மாற்ற முடியாத எளிய கருவி

இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் கேரட் நிறுவனத்தின் ஏஸ் வரிசை. ஏஸ் 300 கருவி 8 கிலோஹெர்ட்ஸிலும் ஏஸ் 400 கருவி 10 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. நான்கு சாதாரண ஏஏ பேட்டரி போதும். எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். பட்டன்கள் குறைவு, பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்.

தரைச் சமன் தொழிற்சாலையிலேயே ஒரு நடுத்தர மண்ணுக்கு என்று வைக்கப்பட்டிருக்கிறது. தோவாளைப் பக்கத்து வயல், நாஞ்சில் நாட்டு வரப்பு, வீட்டு முற்றம், கடற்கரையின் உலர்ந்த மேல்பகுதி ஆகிய இடங்களில் குறை சொல்ல முடியாது. ஈர மணலில் காயிலைத் தாழ்த்தியதும் ஓயாமல் சத்தம் போடும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்துச் சத்தத்தை அடக்கினால் மோதிரமும் சேர்ந்து அடங்கிவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டி மழை தாங்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

என் முதல் கருவி இந்த வகைதான். எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே தேவையில்லை. விற்றவர் "பீச்சுக்கும் போதும்" என்றார். மண்டைக்காட்டில் கருமணல் பட்டைமேல் வைத்த அன்றே அது உலோகத்துக்கும் மணலுக்கும் வேறுபாடு தெரியாமல் கத்தியது, நான் அரை நாள் முழுவதும் வெறும் மணலைத் தோண்டினேன். கருவியில் பிழை எதுவும் இல்லை. அது செய்யப்பட்ட வேலை வேறு.

குலசேகரத்துக்காரருக்கு நான் சொன்னது இந்த வகையை. எல்லைக் கம்பி இரும்பு, கனமானது, நிமிர்ந்து நிற்பது, செம்மண் சற்றுத் தொந்தரவு செய்தாலும் அவ்வளவு பெரிய பொருளை மறைத்துவிடாது. ஒரே ஒரு தடை, ரப்பர் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்திலும் சிரட்டையைத் தாங்கக் கட்டிய கம்பி துருப்பிடித்து அடியில் விழுந்து கிடக்கும் என்பது. மரவரிசையை விட்டு விலகி, பழைய ஆவணத்தில் உள்ள அளவை வைத்து நான்கு சதுர மீட்டருக்குள் தேடினால் போதும். உண்மையில் இந்த ஒரு வேலைக்கு வாங்குவதைவிட ஒரு நாளைக்கு இரவல் வாங்குவது நல்லது என்றும் சொன்னேன்.

## இரண்டாம் வகை: தரைச் சமன் மாற்றக்கூடிய, நீர் தாங்கும் ஒற்றை அதிர்வெண் கருவி

துருக்கியின் நோக்டா நிறுவனம் 2019இல் கொண்டுவந்த சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது. கேரட் ஏடி புரோ 15 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் மூன்று மீட்டர் ஆழம் வரை நீருக்குள் முழுவதும் மூழ்கலாம். இரண்டிலும் காயிலைத் தரையில் நாலைந்து முறை ஏற்றி இறக்கி, அந்த இடத்து மண்ணுக்கு ஏற்பச் சமனை வைத்துக்கொள்ள முடியும். செம்மண்ணில் இந்த ஒரு வசதி போதும். முதல் வகை கருவி குழம்பும் பழைய வீட்டுப் புரையிடத்தில் இவை அமைதியாக வேலை செய்யும். ஆற்றிலும் குளத்திலும் கூடத் தயங்காமல் இறங்கலாம். பேச்சிப்பாறைத் தண்ணீரும் தாமிரபரணி எனப்படும் குழித்துறை ஆறும் நன்னீர் என்பதால் உப்புத் தொல்லை கிடையாது.

நீர் தாங்கும் என்பதையும் கடலுக்கு ஏற்றது என்பதையும் ஒன்றாக எண்ணி ஏமாறுபவர்களே அதிகம். இவற்றின் உடல் கடலைத் தாங்கும். காது உப்பைத் தாங்குவது அரைகுறையாகத்தான். சங்குத்துறை போன்ற, தாது குறைந்த கரையில் உப்புக்கு ஏற்பச் சமனை வைத்துச் சமாளித்துவிடலாம். அலை ஏறி இறங்கும்போது மணலின் ஈரம் மாறுவதால் அடிக்கடி சமனைத் திருத்த வேண்டியிருக்கும். அப்படித் திருத்தும்போது உப்போடு சேர்ந்து மெல்லிய செயினும் கழிந்துவிடுவது இதன் மறைமுக விலை. கருமணலும் உப்பும் சேர்ந்த இடத்தில், முன்பு சொன்ன ஒரு புள்ளிச் சிக்கல் இதற்கும் உண்டு.

பொழுதுபோக்காகத் தொடங்குபவருக்கு, செலவையும் பயனையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இந்த வகையே நியாயமானது என்பது என் கருத்து. பேட்டரியைப் பொறுத்து ஒரு சிறு கணக்கு: சிம்ப்ளெக்ஸில் உள்ளேயே பதித்த லித்தியம் பேட்டரி, வசதி, ஆனால் சில ஆண்டுகளுக்குப் பிறகு மாற்ற நேர்ந்தால் கருவியையே அனுப்ப வேண்டியிருக்கும். ஏடி புரோவில் ஏஏ பேட்டரிதான்.

## மூன்றாம் வகை: ஒரே நேரத்தில் பல அதிர்வெண்

ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் 2018இல் எக்குவினாக்ஸ் வரிசையைக் கொண்டுவந்தபோது, அதுவரை உயர்ந்த விலைக் கருவிகளில் மட்டும் இருந்த இந்த முறை நடுத்தர விலைக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் வேன்குவிஷ், 2022இல் நோக்டாவின் லெஜண்ட், பிரான்ஸின் எக்ஸ்பி நிறுவனத்தின் டியூஸ் 2 என வரிசை நீண்டது.

இதன் பலன் நம் கரையில் எப்படித் தெரிகிறது என்றால்: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களில் வரும் எதிரொலிகளை ஒப்பிடும்போது, தாதுவின் நடத்தையும் உப்பின் நடத்தையும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும், இரண்டையும் ஒரே நேரத்தில் கழிக்கலாம். எக்குவினாக்ஸில் கடற்கரைக்கு என்றே இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ஈர மணலுக்கு, மற்றது அலைக்குள்ளும் நீருக்கடியிலும் தேட. சங்குத்துறையில் உலர்ந்த மணலிலிருந்து நேராக அலைக்குள் நடந்தாலும் கருவி கத்துவதில்லை. ஒற்றை அதிர்வெண்ணோடு இரண்டு ஆண்டு போராடிவிட்டு இதை முதன்முதலாக வீசியபோது, கருவி அணைந்துவிட்டதோ என்று காயிலுக்கு அடியில் செருப்புக் கொக்கியை நீட்டிப் பார்த்தேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கருமணல் அடர்த்தியாகத் தெரியும் பட்டையில் பல அதிர்வெண் கருவியும் தன் திறனில் பாதியை இழக்கும். சென்சிட்டிவிட்டியை ஏற்றுவது அங்கே எதிர்மாறான பலனைத் தரும், ஏனெனில் கருவி கூடுதலாகக் கேட்பது மணலைத்தான். சென்சிட்டிவிட்டியைத் தணித்து, முடிந்தால் சிறிய காயிலை மாட்டி, மணலைத் தொட்டும் தொடாமலும் மெதுவாக வீசினால் ஒரு சாண் என்பது நான்கைந்து விரற்கடையாகவாவது நிற்கும். பெரிய காயில் பெரிய அளவு மணலைப் பார்க்கிறது. கருமணலில் அது வரமாக இருப்பதில்லை. உப்பைக் கழிக்கும்போது மிக மெல்லிய செயின் கழிந்துபோவதும் ஓரளவு இங்கும் உண்டு, அளவுதான் குறைவு.

இந்த வகைக்குள்ளும் தேர்வு இருக்கிறது. வேன்குவிஷ் விலை குறைந்தது, ஏஏ பேட்டரியில் ஓடும், மடக்கிப் பையில் வைக்கலாம். தரைச் சமனைத் தானே பார்த்துக்கொள்ளும், நாம் தலையிட வழி இல்லை. நீர் தாங்குவது காயில் மட்டும். கணுக்கால் நீர் வரை போகிறவருக்கு இது போதும். எக்குவினாக்ஸ் 800, லெஜண்ட் இரண்டும் மூன்று மீட்டர் வரை மூழ்கும், சமனையும் கையால் திருத்தலாம். டியூஸ் 2 இருபது மீட்டர் வரை தாங்கும்; முக்குளிக்கத் தெரியாதவருக்கு அந்த எண்ணால் பயன் இல்லை, விலை மட்டும் ஏறும்.

குளச்சல் நண்பருக்கு நான் சொன்னது எக்குவினாக்ஸ் அல்லது லெஜண்ட். குளச்சலிலிருந்து மேற்கே தேங்காய்ப்பட்டணம் வரையும் கிழக்கே முட்டம் வரையும் போகிறவர் ஒரே காலையில் வெண்மணல், ஈர மணல், கருமணல் மூன்றையும் மிதிக்கிறார். அவருக்கு இதைவிடக் குறைந்த கருவி ஒன்றை வாங்கினால், ஓராண்டுக்குள் அதை விற்றுவிட்டு இதைத்தான் வாங்க வேண்டிவரும். அந்த இரட்டைச் செலவு எனக்கு நேர்ந்தது.

## நான்காம் வகை: பல்ஸ் இண்டக்ஷன்

சுருக்கமாகப் பி.ஐ. என்பார்கள். இது தொடர்ந்து அலையை அனுப்புவதில்லை. ஒரு துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, சில மைக்ரோ நொடிகள் காத்திருந்து, அப்புறம் காது கொடுக்கிறது. உப்புநீரின் எதிரொலி அதற்குள் அடங்கிவிடும், தாதுவின் தொல்லையும் பெருமளவு ஒதுங்கிவிடும், உலோகத்தின் எதிரொலி மட்டும் நீடிக்கும். கேரட் சீ ஹண்டர் மார்க் 2 இந்த முறையில் இயங்கி, 200 அடி ஆழம் வரை தாங்குவது. மணவாளக்குறிச்சிக் கருமணலில் மோதிர அளவுள்ள பொருளை எது ஆழத்தில் காட்டும் என்று மட்டும் கேட்டால், விடை இந்த வகையே.

விலையை நாம் வியர்வையில் கட்டுவோம். இது இன்னது என்று பிரித்துச் சொல்லும் திறன் இதற்கு ஏறத்தாழ இல்லை. நம் கடற்கரைகளில் தூண்டில் முள், துருப்பிடித்த ஆணி, வள்ளத்தின் போல்ட், சோடா பாட்டில் மூடி, கொண்டை ஊசி என எதற்கும் அது ஒரே குரலில் கூப்பிடும்; ஒவ்வொன்றையும் தோண்டியாக வேண்டும். மீன் இறக்கும் துறையை ஒட்டிய கரையில் இதைப் பிடித்துக்கொண்டு பத்தடி நகர ஒரு மணி நேரமாகும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் மெல்லிய செயினின் எதிரொலியும் உப்போடு அடங்கிப்போகும். பேட்டரியும் சீக்கிரம் தீரும். கருமணலில் மட்டும், ஆண்டு முழுவதும், மோதிரத்துக்காகத் தேடுகிறவர் இரண்டாவது கருவியாக வைத்துக்கொள்ளலாம். முதல் கருவியாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

## நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | சமன் மாற்ற முடியாதது | சமன் மாற்றக்கூடியது | பல அதிர்வெண் | பி.ஐ. |
|---|---|---|---|---|
| உலர்ந்த வெண்மணல் | நன்று | நன்று | நன்று | நன்று, குப்பை மிகும் |
| ஈர உப்பு மணல் | பயனில்லை | சமாளிக்கலாம் | மிக நன்று | மிக நன்று |
| உப்பும் கருமணலும் | பயனில்லை | பெரும்பாலும் தடுமாறும் | பாதித் திறன் | மிக நன்று |
| செம்மண் புரையிடம் | பெரிய பொருளுக்கு மட்டும் | நன்று | மிக நன்று | இரும்பு தொல்லை |
| மெல்லிய செயின் | உலர் மணலில் ஓரளவு | உலர் மணலில் நன்று | எல்லா இடத்திலும் ஓரளவு முதல் நன்று | கடினம் |
| இரும்பை ஒதுக்குதல் | உண்டு | உண்டு | நுட்பமாக உண்டு | ஏறத்தாழ இல்லை |
| மழை, நீர் | காயில் மட்டும் | 3 மீட்டர் | வேன்குவிஷில் காயில் மட்டும்; மற்றவை 3 மீட்டர் முதல் | முக்குளிக்கலாம் |
| விலை | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் முதல் மிக அதிகம் வரை | அதிகம் |

## விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

இவை பெரும்பாலும் வெளிநாட்டில் செய்யப்பட்டு வருபவை. வெளியிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் ஆகியவை வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியும். உத்தரவாதமும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடக்கூடும். உள்நாட்டு விற்பனையாளரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் ரசீதும் உத்தரவாதமும் கையில் இருப்பது நல்லது.

அடுத்தது கையடக்கப் பின்பாயிண்டர். காயில் காட்டிய இடத்தில் குழிக்குள் விட்டுத் துல்லியமாகத் தொட்டுக் காட்டும் கேரட் கிழங்கு அளவிலான சிறு கருவி இது. விருப்பம் என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். செம்மண்ணில் இது இல்லாமல் ஒரு மூக்குத்தியைத் தேட முடியாது, மண் உருண்டையும் மூக்குத்தியும் ஒரே நிறத்தில் இருக்கும். கடற்கரைக்கு, நீண்ட பிடியுள்ள துளைபோட்ட ஸ்டீல் அள்ளுகலம் வேண்டும். இதை வெளியில் வாங்காதீர்கள். ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்த் துண்டும் துளைத் தகடும் கொடுத்து வெல்டிங் செய்துகொண்டேன், பத்து வருடமாக வளையவில்லை. மேல்நாட்டு அள்ளுகலங்கள் சில துருப்பிடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

காயிலின் அடியில் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். கருமணல் அதற்குள் புகுந்து தங்கினால், வீட்டு முற்றத்தில்கூட கருவி கத்தும். புதிதாக வாங்கியவர்கள் பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் கழற்றி நன்னீரில் அலசினால் தீர்ந்தது.

## தேடக் கூடாத இடம்

எந்தக் கருவியை வாங்கினாலும் இது மாறாது. வட்டக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. அங்கே கருவியோடு நுழைவது என்ற நினைப்பே வேண்டாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பத்து ரூபாய் அந்தக் காலத்துப் பத்து ரூபாய். நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். எனவே சக்கரம் ஒன்று கிடைத்து அதில் பழைய ஆண்டு தெரிந்தால், துடைத்து அலமாரியில் வைக்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு எழுத்தில் தெரிவிப்பதே முறை. தனியார் விளையில் (தோட்டத்தில்) உரிமையாளரின் அனுமதி வேண்டும். கன்னியாகுமரிச் சங்கமத்தில் கருவியை விரித்தால் ஐந்து நிமிடத்தில் காவலர் ஒருவர் வந்து நிற்பார், அவர் கேட்பதும் சரிதான். முன்னதாகவே காவல் நிலையத்தில் சொல்லிவிட்டால் கேள்வி வராது.

## பணம் கொடுக்கும் முன்

உங்கள் வீட்டு மோதிரம் ஒன்றை ஒரு முழம் தங்கூசியில் (தூண்டில் நரம்பில்) கட்டி, மறுமுனையில் ஒரு குச்சியைக் கட்டிக்கொள்ளுங்கள். மோதிரத்தை நான்கு விரல் ஆழத்தில் புதையுங்கள், குச்சி மேலே இருக்கட்டும்; சிக்னல் வந்தால் ஒரு சாணுக்கு இறக்குங்கள். நீங்கள் உண்மையில் தேடப்போகும் மண்ணில், உலர்ந்த இடத்திலும் ஈர இடத்திலும், விற்பவரையோ கருவி வைத்திருக்கும் நண்பரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். கருவி பாட்டுக்குக் கத்தாமல் மோதிரத்தின்மேல் மட்டும், இரண்டு பக்க வீச்சிலும், பேசுகிறதா என்பதே கேள்வி.

ஓய்வுபெற்ற ஆசிரியரை என் இரண்டு கருவிகளோடு அழைத்துச் சென்று இந்தச் சோதனையைச் செய்தேன். ஒற்றை அதிர்வெண் கருவி சங்குத்துறையில் ஒரு சாணில் பேசியது, மணவாளக்குறிச்சியில் நான்கு விரலிலேயே குழம்பியது. பல அதிர்வெண் கருவி இரண்டு இடத்திலும் தாங்கியது. விலையைச் சொன்னேன். அவர் தங்கூசியைச் சுற்றிக்கொண்டே, "தம்பி, நான் தினமும் நடக்கிறது சங்குத்துறையிலதான். மணவாளக்குறிச்சிக்கு வருஷத்துல ஒரு கல்யாணத்துக்குப் போவேன்" என்றார். அவர் வாங்கியது இரண்டாம் வகை. மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பின்பாயிண்டரும் வாங்கிக்கொண்டார்.